நொடிக்கணக்கு

வால்திவியாவில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் மாடியில்
கடைசி வரிசை, ஜன்னலோரம்,
ஒரு கால் ஆடும் நாற்காலியில் நான்.
மடியில் நோட்டு, கையில் நொடிமானி.
மாணவர்கள் என்னைத் தணிக்கைக்காரி என்றே நினைத்தார்கள்.
ஒஸ்வால்தோவும்தான்.

மதிப்பெண் போட வரவில்லை,
கேட்டீர்கள் என்பதால் பார்க்க வந்தேன்
என்று மூன்று முறை சொல்லியிருந்தேன்.
"அப்படியானால் நோட்டு எதற்கு?" என்றார்.

மண் இயக்கவியல். பத்தொன்பது வருடம்.
கூரையில் விழும் மழையைவிட வேகமாகப் பேசுகிறார்.
கேள்வி கேட்கிறார்.
கேட்ட வாய் மூடுமுன் பதிலும் சொல்லிவிடுகிறார்,
கதவைத் தட்டிவிட்டுப்
பின்வாசலால் ஓடிப்போய்
உள்ளிருந்து தானே திறக்கிறவர் மாதிரி.

அன்றைக்கு இருபத்தாறு கேள்விகள்.
மிக நீண்ட காத்திருப்பு ஒன்றரை நொடி,
அதுவும் மார்க்கரின் மூடி
மேசைக்கடியில் உருண்டு ஓடியதால்.

காபி இயந்திரத்துக்கு அருகே
நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
கருத்து எதுவும் எழுதவில்லை, எண்கள் மட்டும்.
கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.
எண்கள் அப்படியேதான் இருந்தன.

முதல் வருடத்தில் ஒருநாள்
சமன்பாட்டின் நடுவே மறந்துபோய்
பலகையைப் பார்த்தபடி நின்றாராம்.
பின்னால் யாரோ சிரித்தார்களாம்.
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்றார்.
அந்தச் சிரிப்பு மறுபடி கிளம்புமுன்
முந்திக்கொண்டே இருக்கிறார்,
பத்தொன்பது வருடமாக.

இதை நான் நோட்டில் எழுதவில்லை.

அடுத்த வியாழன்.
"நிலம் நடுங்கும்போது
ஈரமணல் ஏன் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது?"
கேட்டுவிட்டு
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்,
ஒரு கை மற்றதைக் கைதுசெய்ததுபோல.

ஒன்று.
இரண்டு.
மூன்றில் யாரோ பேனாவைத் தவறவிட்டார்கள்.
நான்கில் அவர் உதடு திறந்தது, மூடியது.
ஐந்தில் ஆற்றங்கரை மீன்சந்தைப் பக்கம்
கடல்சிங்கம் ஒன்று கத்தியது.
அதற்குக்கூட விடை தெரியும் போலிருந்தது.
ஆறு.
இங்கே உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பேரும்
நிலம் நடுங்கிய கதையைச் சோற்றோடு தின்றவர்கள்.
எந்த வயல் இறங்கிச் சதுப்பானது,
எந்தத் தெரு ஆற்றுக்குள் போனது என்று
கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள்.
யாரும் கேட்டதில்லை.
ஏழு. எட்டு.

ஒன்பதில்
நான் ஒருநாளும் குரல் கேட்டிராத மில்லாராய் கயுபுல்
கையைத் தூக்காமலே சொன்னாள்:
"மணல் ஒன்றையொன்று கைபிடித்து நிற்கிறது.
குலுக்கினால் நடுவில் தண்ணீர் நெருக்குகிறது.
பிடி விட்டுப்போகிறது."

துளைநீர் அழுத்தம் என்ற சொல்
புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் தள்ளித்தான் வருகிறது.
அது அவர் நாக்குநுனிக்கு வந்து நின்றதை
கடைசி வரிசையிலிருந்தே பார்த்தேன்.
விழுங்கினார்.
"தண்ணீருக்கு நெருக்க என்ன அவசரம்?
போக வழியில்லையா?" என்றார் மற்றவர்களிடம்.
கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால்.
இந்த முறை நொடிமானியை அழுத்த மறந்தேன்.

மாடிப்படியில் கேட்டார்,
"எப்படி இருந்தது?"

சொன்னேன். அந்த ஒன்பது நொடியைச் சொன்னேன்,
பலகையில் எழுத்து சிறுத்துப்போவதைச் சொன்னேன்,
இடப்பக்க வரிசையை அவர் பார்ப்பதே இல்லை என்றேன்,
வேறொரு கல்லூரியில் ஒருவர் என்ன செய்தார் என்றேன்,
அடுத்த வாரம் இதைச் செய்யலாம், அதையும் செய்யலாம் என்றேன்.
கடைசிப் படி வந்துவிட்டது.
நடுவில் ஏதோ சொல்ல அவர் வாயெடுத்ததை
அப்போதுதான் நினைத்தேன்.

குடையை விரித்து
மழைக்குள் போய்க்கொண்டிருந்தார்.

நோட்டைத் திறந்து
தேதிக்கு நேரே என் பெயரை எழுதினேன்.
பக்கத்தில்: அரை நொடி.