மீன் வண்டி வராத நாள்

ஐப்பசி பிறந்து பன்னிரண்டு நாள்.
கோத்தகிரியில் ஒரு துணியும் தானாகக் காயவில்லை.
லாட்ஜின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே
ஒரு ட்ரையர்தான் எங்களுக்குச் சூரியன்.
வட்டக் கண்ணாடிக் கதவு,
உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே ஐம்பது நிமிடம்.

ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய கார்
சத்தமில்லாமல் வந்து நின்றது.
"ஒன்பது சதவீதம்" என்றார் ஓட்டி வந்த திருப்பூர்க்காரர்,
கைக்குழந்தையின் காய்ச்சலைச் சொல்கிற குரலில்.
அறைகளில் இருப்பதெல்லாம் சின்ன பிளக்.
பெரிய துளைகள் ஒரே இடத்தில்தான்,
என் ட்ரையரின் முதுகுக்குப் பின்னால்.

"ஒரு ராத்திரிதானே, அல்போன்சா"
என்றார் மேனேஜர் பெள்ளிராஜ்.
ட்ரையரின் வாலைப் பிடுங்கி
காரின் வாலைச் செருகினார்கள்.
செருகியதா?
மூன்று வருடம் நான் செருகிப் பிடுங்கிய துளை.
உள்ளே பித்தளை உதடுகள் தளர்ந்து
எதைக் கொடுத்தாலும் லேசாகத்தான் கவ்வும்.
சொன்னேன்.
பச்சை விளக்கு எரிகிறதே, என்றார்கள்.

என் மெஷின் விட்டுவிட்டு இழுக்கும்.
சூடேறினால் நிறுத்தும், வெறுமனே சுற்றும்,
பிறகு மறுபடி.
இந்தக் கார் வாய் வைத்தால் எடுப்பதில்லை:
பதினைந்து ஆம்பியர், விடிய விடிய,
ஒரே மடக்கு.

பதினொன்றரைக்கு
ஈர விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.
மீன் வாடை.

அன்று செவ்வாய்.
மீன் வண்டி மலையேறுவது வியாழனும் ஞாயிறும்.
சமையலறை பூட்டியாயிற்று,
பூனைகூடத் தலை தூக்கவில்லை.
வாடையின் பின்னாலேயே போனேன்.
அது என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் நிறுத்தியது.

வெள்ளை மூடியின் ஒரு மூலை
டீ சிந்தியதுபோல் பழுத்திருந்தது.
தொடவில்லை.
இஸ்திரிப் பெட்டியைப் பதம் பார்க்கிற புறங்கையை
நாலு விரற்கடை தள்ளிக் காட்டினேன்.
பட்டுச் சேலைக்கு ஆகாத சூடு.

பிடுங்கச் சொல்லி விரல் துடித்தது.
பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தது,
அதே மூடியில், அதே சூட்டில்.
ஓடுகிற கரண்டைப் பிடுங்கினால்
துளைக்குள் மின்னல் பிறக்கும் என்பதற்குச் சாட்சியாக
எலெக்ட்ரீஷியன் ஞானசெல்வம் கட்டைவிரலில்
ஒரு தழும்பு வைத்திருக்கிறார்.
தாழ்வார முனைக்கு ஓடி எம்சிபியைத் தட்டிவிட்டேன்.
கொட்டகை இருண்டது.
காரின் பச்சைக் கண் மூடியது.

அந்த எம்சிபி தானாக விழவே இல்லை.
இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.
அளவு மீறவில்லை, அது ஏன் விழும்?
எவ்வளவு போகிறது என்று எண்ணத் தெரியும் அதற்கு.
எங்கே வேகிறது என்று தெரியாது.
அதற்கு மூக்கு இல்லை.

காலையில் ஞானசெல்வம் மூடியைக் கழற்றினார்.
கம்பியின் சிவப்புத் தோல் கருகிச் சுருண்டிருந்தது.
திருகாணியை நுனிவிரலால் சுற்றிக் காட்டினார்,
டெஸ்டர்கூட வேண்டியிருக்கவில்லை.
லாண்டரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:
காருக்கென்று தனி லைன், தடித்த கம்பி,
கசிந்தால் விழுகிற சுவிட்ச்,
கொட்டகைக்கு வெளியே புது எர்த் குழி.
கீழே ஒரு தொகை.
பெள்ளிராஜ் தொகையை மட்டும் படித்துவிட்டு
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திருப்பூர்க்காரருக்கு நாற்பத்தொரு சதவீதம் கிடைத்திருந்தது.
இறங்கும்போது குஞ்சப்பனைக்குள் இன்னும் இரண்டு ஏறிவிடும்,
இறக்கத்தில் வண்டி தானே நிரப்பிக்கொள்ளும் என்றார்.
கிளம்பும்போது ஒரு குறை சொன்னார்:
படுக்கை விரிப்பு ஈரமாக இருந்ததாம்.

சனிக்கிழமை மேனேஜர் சட்டை துவைக்க வந்தது.
நனைப்பதற்கு முன் பையைத் துழாவுவது என் வழக்கம்.
ஒரு பஸ் டிக்கெட், இரண்டு ஏலக்காய்,
நாலாக மடித்த அந்தச் சீட்டு.

பிரித்து, நீவி,
அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்,
தொகை இருக்கும் பக்கத்தை
டீ டம்ளர் வைத்து மறைத்து.