ஆளுக்கு ஐந்து ஏக்கர்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே,
மைல்கல்லில் தெலுங்கு தொடங்கச் சற்று முன்னால்,
ரெட்டெப்பா நாயுடுவின் மாந்தோப்பு.
இருபத்து மூன்று ஏக்கர். கிணறு ஒன்று. மோட்டார் ஒன்று.

சொட்டுநீர் மானியம் ஆளுக்கு ஐந்து ஏக்கர் வரைதான்
என்று சுற்றறிக்கை வந்த வாரமே
தோப்பு ஐந்தாகிவிட்டது.
வேலி ஏதும் போடவில்லை.
பத்திர எழுத்தர்தான் மரங்களுக்கு நடுவே
நீல மையில் நடந்து போனார்.

பயனாளியை அவரவர் நிலத்தில் நிற்கவைத்துப்
படம் எடுப்பது என் வேலை.
நாயுடு நின்றார். மனைவி நின்றார்.
மகன் நின்றான், யாரிடமோ போனில் கத்திக்கொண்டே.
டிராக்டர் ஓட்டும் குப்புசாமி நின்றான்,
இரவல் சட்டையில், கால்மணி நேரச் சிறு விவசாயி.
அவன் குத்தகைக்கு உழும் முப்பது சென்ட்டுக்கு
என் படிவத்தில் கட்டமில்லை.

கடைசியாக மருமகள் ஹைமாவதி.
ஒன்பது வருஷமாகத் தோப்புக்குச் சோறு கொண்டுவருகிறவள்.
"எதுவரைக்கும் சார் என்னுது?"
போனைக் காட்டினேன். திரையில் ஒரு மஞ்சள் கோடு.
அதை ஒருமுறை பார்த்துவிட்டு
மரங்களை எண்ணத் தொடங்கினாள்,
தெலுங்கில், உதட்டுக்குள்.
நூற்று அறுபத்தெட்டு.
நாயுடு சிரித்தார்: "காகிதத்துக்குத்தாம்மா."

மானியம் வந்தது. குழாய் வந்தது.
ஆடியில் ஒரு திங்கட்கிழமை
அலுவலகத்துக்குத் தனியாக வந்தாள்,
பிளாஸ்டிக் உறையில் பத்திர நகலோடு.
தண்ணீர் சரியாக வரவில்லையா என்றேன்.
வருது என்றாள்.
"என் பாகத்துக்குத் தனியா ஒரு வால்வு வைக்கணும்.
எங்க எழுதிக் கொடுக்கணும்?"