நூற்றிருபது கிராம்

சமையலறைத் தராசில்தான் எல்லாம்.
கம்பு மாவு நிறுக்கிற தட்டில்
முதலில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை,
காலில் போட்டிருப்பது போக. தொண்ணூறு கிராம்.
இது வரும், பேச்சே இல்லை.

துளைபோடும் திருகு இரண்டரைக் கிலோ.
அதில் ஒரு கிராம்கூடக் கழிக்க முடியாது.
மார்ச் பிறந்தும் ஏரியின் மூடி
இன்னும் ஒன்றரை முழம் கனம்.
கெஞ்சினால் திறக்காது.

போன வருடம் சறுக்குவண்டி இழுத்துப் போனேன்.
கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி,
பிரிக்காத ஒரு நாவல்,
எதற்கும் இருக்கட்டும் என்று கோடரி,
எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு திருகு.
உலகத்திலேயே கனமான சாமான்
அந்த 'எதற்கும் இருக்கட்டும்'தான்.
அதை நிறுக்க எடைக்கல் கிடையாது.
திரும்பும்போது செக்குமாடு மாதிரி மூச்சுவிட்டேன்.
மீன் இரண்டு.

இந்த முறை நடைதான். பேருந்து விட்டுப்போகும் இடத்திலிருந்து
ஏழு கிலோமீட்டர், முதுகில் ஒரே பை.
வரைபடத்தில் ஏரியை மட்டும் கத்தரித்துக்கொண்டேன்.
கூஹ்மோ ஊரும் எல்லைக்கோடும் அதற்கப்பால் ரஷ்யாவும்
குப்பைக்கூடையில் விழுந்தன.
பெரிய பிளாஸ்க் வேண்டாம், அரை லிட்டர் போதும்.
தூண்டில்கோல் சாணுக்குச் சற்றே கூட.
பொய்மீன் மூன்று. அதில் சிவப்புக் கண்ணுள்ளது
இதுவரை எதையும் பிடித்ததில்லை,
அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

கழுத்தில் மாட்டும் கயிற்றில் இரண்டு ஆணிக்கட்டைகள்.
பனிக்கட்டி உடைந்து உள்ளே போனால்
விளிம்பில் குத்திக் குத்தி மேலே வர.
நூற்று நாற்பது.
அதை நான் நிறுத்திருக்கவே வேண்டாம்.

கடைசியில் ஜல்லிக் கரண்டி.
துளையில் மிதக்கும் பனிக்கூழை வாரிக் கொட்ட.
நூற்றிருபது கிராம்.
கை எதற்கு இருக்கிறது என்று
மேசைமேலேயே வைத்துவிட்டேன்.

வாசலில் கௌக்கோ, பனி ஸ்கூட்டரைத் துடைத்தபடி.
"என்ன வியெனோ, கடைக்கா?"
அவன் ஸ்கூட்டரில் காபி போடும் இயந்திரம்கூட உண்டு.
நான் கைவீசிக்கொண்டு நடந்தேன்,
அவன் பார்க்கிற தூரம் வரைக்கும்.

ஏரி வெளுத்துக் கிடந்தது. யாரும் இல்லை.
திருகு இறங்கி இறங்கி, சட்டென்று பிடி தளர்ந்தது.
கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது,
அதன் மேல் அரைத்த மாவு போலப் பனிக்கூழ்.
கை எதற்கு இருக்கிறதென்று
பத்தாவது நிமிடம் தெரிந்தது:
மரத்துப்போக.

பிளாஸ்க் மூடியால் அள்ளினேன்.
மூடிக்கு விளிம்பு வரை உறைந்தது,
காபியை அப்படியே வாய் வைத்துக் குடித்தேன்.
நனைந்த கையுறை கல்லாகிவிட்டது.
பையைத் துழாவினால் மிச்சம் அந்தக் காலுறைதான்.
வலது கைக்கு ஒன்று. அதன் மேலேயே இன்னொன்று.
பாதத்துக்குப் பின்னியது, குதிகால் வளைவு
என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

இடது கையால் தூண்டிலை ஆட்டினேன். எனக்கு வராத கை.
அந்தத் தடுமாற்றம் கீழே யாருக்கோ பிடித்திருக்க வேண்டும்.
வரிபோட்ட பெர்ச், உள்ளங்கை நீளம்.
அடுத்து அதைவிடப் பெரியது.
பனியில் போட்டதும் இரண்டு துள்ளல்,
பிறகு விறகுச்சிராய்.
ஐந்து வந்தன. ஆறாவது நூலறுத்துப் போனது,
சிவப்புக் கண்ணோடு.

நாலு மணி நாற்பது பேருந்து.
டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணப் பார்த்தேன்,
காலுறை போட்ட கையால்.
ஓட்டுநர் அதைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
திரும்பவும் அதையே பார்த்தார்.
"கிடைத்ததா?" என்றார்.
"ஐந்து" என்றேன்.
அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரவு, மீன்வாடையோடு காலுறை அடுப்போரம் காய்கையில்
அடுத்த தடவைக்கான தாளில் எழுதினேன்:
ஜல்லிக் கரண்டி, சேர்.
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில்:
காம்பைப் பாதிக்கு அறுத்தால் எழுபதுதான்.