அளவுப்படி அல்ல

அம்பிலோ சாலையில் மின்வெட்டு, எட்டிலிருந்து பத்துவரை.
மடிக்கணினியில் நாற்பத்தொரு சதவீதம்.
அதற்குள் இந்தப் படம்.

ஒரே ஒரு மரபணு. இருபத்திரண்டு லட்சம் எழுத்து.
பொருள்படும் துண்டுகள் எழுபத்தொன்பது;
ஆகச் சிறியதில் முப்பத்திரண்டே எழுத்து.
அதை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால்
தாள் எழுபது மீட்டர் ஓடும்:
சுவர், வண்டி நிறுத்துமிடம், காவலர் கூண்டு, நடைபாதை.
ஒரு பக்கத்துக்குள் அடக்கினாலோ
ஆர் வரைந்து தருவது
கொசு உட்கார்ந்த கொடிக்கயிறு.

"இடைவெளியை நறுக்கு" என்றாள் நொம்ஃபுண்டோ,
கைப்பேசி வெளிச்சத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே.

நறுக்கினேன்.
எல்லா எண்ணிலிருந்தும் மூன்று கோடிச் சொச்சத்தைக் கழித்தேன்.
இழை தலைகீழாய் ஓடுவதால் வலத்தை இடமாக்கினேன்.
பிறகு, எவ்வளவு நீளமானாலும்
ஒவ்வோர் இடைவெளிக்கும் நூறு.
நூற்றேழுக்கும் நூறு,
இரண்டரை லட்சத்துக்கும் அதே நூறு.
துண்டுகள் தலை நிமிர்ந்தன,
சனிக்கிழமை சாட்ஸ்வர்த் பேருந்தில்
மடியில் பையோடு நெருக்கி உட்கார்ந்தவர்கள் மாதிரி.

அழகாய்த்தான் இருந்தது.
புள்ளியை மட்டும் காணோம்.

டெவாஷன் பெருமாளின் புள்ளி.
ஒன்பது வயது. ஏப்ரலிலிருந்து படியேற முடிவதில்லை.
துண்டுகளுக்குச் சொன்ன கணக்கை
நான் புள்ளிக்குச் சொல்லவில்லை.
தாளுக்கு வெளியே, இருட்டில், எங்கேயோ
தன் பழைய எண்ணிலேயே அது நின்றுகொண்டிருந்தது.

சொன்னேன். வந்தது.
எந்தத் துண்டின் மேலும் உட்காரவில்லை.
நான் நூறாக்கிய அந்த இரண்டரை லட்சத்தின் நடுவே
வெறுங்கோட்டில் ஒரு சிவப்பு.
எந்தப் பக்கம் போனாலும் லட்சம் எழுத்து நடக்க வேண்டும்;
படத்தில் பக்கத்து வீடு.

அந்த ஒன்றை மட்டும் விதியிலிருந்து விடுவித்துப் பார்த்தேன்.
அது பக்கம் முழுக்கக் கால் நீட்டிப் படுத்தது,
மற்றதெல்லாம் ஓரங்களில் மறுபடி மயிராயின.
திரும்ப நூறு.
கோட்டின் குறுக்கே இரண்டு சாய்ந்த கீறல்,
கீழே சின்ன எழுத்தில்: அளவுப்படி அல்ல.

பன்னிரண்டு சதவீதம்.

வியாழக்கிழமை அவன் அம்மா வருவாள்.
போன முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்
திரையருகே குனிந்து கேட்டாள்:
"இதிலே எங்கே?"
அன்றைக்கு எங்களுக்கே தெரியாது.
இப்போது காட்டலாம். அவள் விரல் வைப்பாள்;
புள்ளி மறையும்,
இருபக்கத் துண்டுகளும் அதே விரலுக்கடியில் மறையும்.

நொம்ஃபுண்டோ பாதி ஆரஞ்சை நீட்டினாள்.
அச்சுப்பொறிக்கு இன்னும் இருபது நிமிடம்.