இடப்பக்கம் இரண்டு அங்குலம்

ஓடும்போது தெரியாது.
சரளைச் சாலையில் எதுதான் நேராக ஓடுகிறது.
நிறுத்தினால்தான் சாய்வு.
கூட்டுறவுக் கடை வாசலில் பார்த்துவிட்டு
ஹால்யா கேட்டாள்:
"உங்கள் பிக்கப் யாரையோ
ஒட்டுக்கேட்கிற மாதிரி நிற்கிறதே?"

ஏப்ரல். சஸ்காச்சுவானில் இதற்குப் பெயர் வசந்தம்.
கொட்டகைக்குள் மைனஸ் ஆறு.
முதலில் தரையைச் சந்தேகித்தேன்.
மகளின் பழைய கோலிக்குண்டு ஒன்றைச்
சிமெண்டில் வைத்தேன். அசையவில்லை.
தரை நிரபராதி.

நான்கு டயரிலும் ஒரே காற்று.
பின்தொட்டியைக் காலி செய்தேன்:
வேலிக்கம்பிச் சுருள், மாட்டுக்கு உப்புக்கட்டி இரண்டு,
மிரோன் கழற்றி மறந்த ஒற்றைக் கையுறை.
அப்படியும் சாய்ந்தே நின்றது.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு அளந்தேன்.
வலது பின் இருபத்திரண்டு. இடது பின் இருபது.
முன்னாலும் இடது முக்கால் அங்குலம் தாழ்வு.
எது எதை இழுக்கிறது?

இழுவைக் கொக்கிக்கு அடியில், நட்டநடுவில்,
ஜாக்கி வைத்து ஏற்றினேன்.
பின்பாரம் முழுக்க ஒற்றைப் புள்ளிக்கு வந்ததும்
முன்பக்கம் மெல்ல நிமிர்ந்தது,
'எனக்கு இதில் சம்பந்தமில்லை' என்று
கைவிரிக்கும் சாட்சியைப் போல.

மிரோன் டார்ச் பிடித்தான்.
இடது என்றேன். வலப்பக்கம் அடித்தான்.
இடது, மிரோன்.
வெளிச்சம் டிஃபரன்ஷியலைச் சுற்றியது,
சைலன்சரை நக்கியது,
கடன்காரன் வீட்டைத் தாண்டுகிறவன் மாதிரி
அந்த ஓரத்தை மட்டும் விட்டுப் போனது.
பதினெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு
அதற்குமேல் அளவுநாடா எதற்கு?

டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டேன்.
வலது கமான் பட்டை:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
துரு, சேறு, பத்துக் குளிர்காலத்துச் சாலை உப்பு.
இடது: நான்கு.
யு-போல்ட்டில் நேற்று வாங்கின பளபளப்பு.
பட்டையின் அடியில் மஞ்சள் சாக்கட்டியில்
பழைய வண்டி உடைப்பவன் எழுதிய விலை: 40.

எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டேன்.
"எப்போது?"
அவன் பூட்ஸ் இரண்டும் பேசாமல் நின்றன.
அப்புறம்,
"பிப்ரவரி. நீ ரெஜைனாவில் அக்கா வீட்டில்.
பனியில் மதகு தெரியவில்லை."
"நீயா ஓட்டினாய்?"
கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.
"பதினாலு வயது. ஒரு தடவை, ஒரே தடவை என்று கேட்டாள்.
அடிபடவில்லை. அழக்கூட இல்லை.
அம்மாவிடம் சொல்லாதே என்றாள், அவ்வளவுதான்."

இரண்டு மாதம்
சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே
இரண்டு பேர் உப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டு
இதையும் கைமாற்றியிருக்கிறார்கள்.
கோபம் எங்கே இருக்கிறது என்று
தட்டித் தட்டிப் பார்த்தேன்.
மதகில் இல்லை. நாற்பது டாலரில் இல்லை.
அடியில் குளிர்ந்தது, வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை யார்க்டனிலிருந்து
ஐந்து பட்டையோடு இரண்டு செட் வந்தது.
"ஒன்று போதாதா?" என்றான்.
"ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கம் சாயும்."
அவனுக்கும் தெரியும்.
லாரிசா ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள்,
எந்த நம்பர் என்று கேட்காமலே.
முதல் தடவை செய்கிற கை இல்லை அது.

ஞாயிறு அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து
நான் வலப்பக்கம் ஏறினேன்.
மதகு வந்தது. வேகத்தைக் குறைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை;
கதவுப் பிடியில் என் விரல்கள்தான்
கொஞ்சம் பேசின.

திரும்பி வந்து மறுபடி அளந்தேன்.
இன்னும் கால் அங்குலம், இடப்பக்கமே.
பெட்ரோல் டாங்க் அங்கேதான் இருக்கிறது.
புதிதாக வந்த நாளிலும் இப்படித்தான் நின்றிருக்கும்.
சுவரில் பென்சிலால் குறித்தேன்.
விளக்கை அணைத்தேன்.