இரண்டு என்றால் பனி

தேவகோட்டை. சித்திரை. முற்பகல் பதினொன்று.
மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
ஒற்றைச் சன்னலை அட்டையால் அடைத்துவிட்டு
இமயமலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
சம்பளத்துக்கு.

ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர்.
ஒன்று என்றால் மேகம்.
இரண்டு என்றால் பனி.
பூஜ்யம், வெறுந்தரை.
அதே படத்தின் அடியில் எங்கள் பக்கமும் இருக்கும்,
நகக்கண் அளவு சிவப்பு.
அதற்கு யாரும் எண் போடச் சொல்வதில்லை.

மேலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளை,
கல்யாண வீட்டு வேட்டிகள் மாதிரி, யார் எவர் என்று தெரியாது.
கண்ணுக்கு எட்டாத, சிவப்புக்கும் அப்பால் ஓர் ஒளி உண்டு.
அதில் எடுத்த படத்தில்
மேகம் வெள்ளையாகவே நிற்கும்.
பனி கரிக்கட்டை ஆகிவிடும்.
வெயிலைத் திருப்பி அடிக்கிற பனி
அந்த ஒளியை மட்டும் விழுங்கிவிடுகிறது.
மிக உயரத்து மெல்லிய மேகமும் சில நாள் கறுக்கும்;
அதுவும் பனித்துகள்தான்.
அன்றைக்குச் சாப்பாடு நாலு மணிக்கு.

இன்னொரு வழி, காத்திருப்பது.
அரை மணிக்கு ஒரு படம் வரும்.
மேகம் போய்விடும். பனி போகாது.

நான் பனியைப் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த பனி
மார்கழியில் ஸ்கூட்டர் சீட்டை நனைப்பது,
பழந்துணியால் துடைத்தால் தீர்ந்தது.
அதற்கும் இதற்கும் ஒரே சொல்.
சேர்ந்த புதிதில் எங்கள் குழுவின் சோலைமலை
‘பனி நிறைவு’ என்று செய்தி அனுப்பினான்.
யாருக்கப்பா ஓய்வு, என்று கேட்டேன்.
எழுத்துப்பிழை இல்லையாம்.
அவன் பகுதியில் எல்லாக் கட்டமும் இரண்டாம்.

இன்று காலை
நான் இரண்டு போட்ட மூன்று கட்டங்களை
டேராடூனிலிருந்து நேகி ஒன்றாக்கித் திருப்பியிருந்தார்.
அழைத்தேன்.
எனக்குப் பாதி இந்தி, அவருக்குப் பாதிப் பொறுமை.
உங்கள் ஊரில் பனி பெய்யுமா, என்றார்.
கேலி இல்லை, அலுப்பு.
இங்கே மழையே நாள் பார்த்துத்தான் பெய்யும், என்றேன்.
அந்தப் பள்ளத்தாக்கு எனக்குத் தெரியும், என்றார்,
அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்,
இப்போது ஆப்பிள் பூத்திருக்கும்,
ஏப்ரல் கடைசியில் அங்கே ஏது பனி?

நேற்றுக் காலை ஏழு முதல் மாலை ஐந்தரை வரை
இருபத்திரண்டு படம்.
வரிசையாக ஓட்டிக் காட்டினேன்.
மேகமெல்லாம் கிழக்கே போயிற்று,
யாரோ பத்திக்கொண்டு போவது போல.
மூன்று கட்டம் மட்டும் போகவில்லை.
மற்றப் படத்தையும் திறந்தேன்.
மூன்றும் கரி.

நேகி பேசவில்லை.
அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.
வைக்கிறேன், என்றார்.

நாற்பது நிமிடம் கழித்து எழுதினார்:
பனிதான். முந்தாநாள் ராத்திரி. முழங்கால் அளவு.
பூ மேலேயே.

அட்டவணையில் ஒன்று ஒன்று ஒன்று
இரண்டு இரண்டு இரண்டு ஆயிற்று.
என் பெயருக்கு நேரே ஒரு பச்சைக் குறி.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்க
இந்தி வரவில்லை.

அப்புறம் மின்சாரம் போயிற்று.
கீழே இறங்கினால், சாத்தப்பன்
ஊசிமருந்துப் பெட்டியைக் காலிசெய்து
ஓரத்தில் உறைந்திருந்ததை
தோசைக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
ஒரு பிடி கேட்டேன்.
எதற்கு?
வேலைக்கு.

வாசல் வெயிலில் நின்று உள்ளங்கையை விரித்தேன்.
வெள்ளை.
எங்கே வைத்திருக்கிறது அவ்வளவு கறுப்பை?
கை எரிந்தது. மாற்றிக்கொள்ளவில்லை.
விரலிடுக்கில் ஒழுகி, செருப்பு வாரில் சொட்டி,
செம்மண்ணில் ஒரு ரூபாய்க் காசு அகலம் கறுத்தது.

அடுத்த படம் வருவதற்குள்
அதுவும் பூஜ்யம்.