நாலு நாற்பது

வட ஃப்ரீசியக் கரையில்
தபால் நடந்துதான் போகும்.
வாரத்தில் மூன்று நாள், கடல் வற்றும் வேளையில்
ஆறு கிலோமீட்டர் சேறு.
அக்கரையில் ஒரு ஹாலிக்:
கடல் இன்னும் தின்று முடிக்காத புல்தரை,
மேட்டின்மேல் நான்கு வீடுகள்.
நடப்பவள் நான். பெயர் கைகே.

அன்று பையில் கடிதம் இல்லை.
மோம்மெக்கு ஏழு வயது. அவனுடைய இன்சுலின்.
புயலில் மின்சாரம் போனதும்
இருந்த குப்பிகளை அவன் அம்மா
ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறாள், கெடாதிருக்க.
ராத்திரியோடு உறைந்து கெட்டன.
நான்கு நாளாய்ப் படகில்லை.
ஐந்தாம் நாள் காற்று நின்றது, மூடுபனி இறங்கியது.
ஹெலிகாப்டரும் இல்லை.

புதுக்குப்பிகளை மார்போடு துணியால் கட்டிக்கொண்டேன்.
என் சூடு அவற்றுக்குப் போதும்.
இரண்டு மணிக்கெல்லாம் அணையின்மேல் நின்றேன்.
கீழே, கண்ணுக்குத் தெரியாமல்,
கடல் நிறையக் கிடக்கும் சத்தம்.

ஹார்க்கே போனில் கத்தினான்:
"இன்னும் அங்கேயா நிற்கிறாய்?"
ஓதம் வடியட்டும் என்றேன்.
"என் பிள்ளைக்கு மூச்சிரைக்கிறது.
உனக்கு ஓதமா?"

அவனுக்குப் பெற்ற வயிறு எரிகிறது.
அவனிடம் நொம்மெனைப் பற்றி என்ன சொல்ல?
என் கணவனுக்குத் துணிச்சல் குறைவில்லை.
இருபது நிமிடம்தான் குறைந்தது.
மூன்றாம் நாள் ஒரு பூட்ஸ் கிடைத்தது,
இடது கால்.

அதனால் நின்றேன்.
நின்றதுபோல் ஒரு வேலையை
வாழ்நாளில் நான் செய்ததில்லை.
முழங்கால் இரண்டும்
ஓடு ஓடு என்றன.
ஆண்டவரே, பனியை மட்டும் விலக்கும்,
மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
கொஞ்சம் பேரம் பேசுகிற குரலில்தான்.

நாலு நாற்பது.
பனி ஒரு விரல்கூட நகரவில்லை.
தண்ணீர் போயிருந்தது.

இப்போது தீயணைப்புக்காரர் ஃபெட்டர் கையைப் பிடித்தார்:
"விடியட்டும், கைகே. பனி விலகட்டும்.
அடுத்த வற்றுக்குப் போகலாம்."
அடுத்த வற்று மாலையில்.
மோம்மெக்கு அதுவரை தாங்காது.
இரண்டு மணிக்குப் போகாதவள் கோழை,
நாலு நாற்பதுக்குப் போகிறவள் பைத்தியம்.
இருக்கட்டும்.
நான் கேட்ட கதவு திறக்கவில்லை.
கேட்காத கதவு ஒன்று
சேறும் சகதியுமாய்த் திறந்து கிடந்தது.
இறங்கினேன்.

வழியில் ஜெபிக்கவில்லை. எண்ணினேன்.
நூறு அடிக்கு ஒருமுறை திசைகாட்டி,
இருநூறுக்கு ஒருமுறை குனிந்து
அலை சேற்றில் கீறிவைத்த வரிகளை
விரலால் தடவிப் பார்த்தேன்.
வரி வளைந்தால் வாய்க்கால் பக்கம்.
அக்கரையில் யாரோ பால்கேனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
பனிக்குள் அந்தச் சத்தம்
நான்கு திசையிலிருந்தும் கூப்பிட்டது.
ஒன்றையும் நம்பவில்லை, விரலைத் தவிர.

கடைசி வாய்க்காலில்
முழங்காலளவு இருக்கவேண்டிய தண்ணீர்
தொடைக்கு வந்தது.
பயமா என்று பின்னால் பத்திரிகைக்காரி ஒருத்தி கேட்டாள்.
குளிர் என்றேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல
அன்று எனக்குத் தெரியவில்லை.

ஹார்க்கேதான் கேனைத் தட்டியவன்.
கையில் ரத்தம்.
ஒன்றும் பேசாமல் என் பொத்தானைக் கழற்ற வந்தான்,
வெட்கம் இருவருக்கும் அப்புறம் வந்தது.

மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல
அம்மா ஊசி போட்டாள்.
பத்து மணிக்குப் பையன் தண்ணீர் கேட்டான்.
நான் அடுப்படி பெஞ்சில்
ஈரக் காலுறையோடு தூங்கிப்போனேன்.

எழுந்தபோது நண்பகல்.
ஜன்னல் முழுக்க வெயில்.
பனி இருந்த இடமே தெரியவில்லை,
அணையிலிருந்து இதுவரை
சேறு மூடி நிறைந்திருந்தது கடல்.
முதலில் கோபம்தான் வந்தது:
இவ்வளவு தாமதமாகவா?

அப்புறம் தூரத்தில், மிகத் தூரத்தில்,
நங்கூரம் தூக்கிக்கொண்டிருந்த
ஒரு சிறிய மீன்பிடிப் படகைப் பார்த்தேன்.
ஐந்து நாளாய் அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.
அதில் எத்தனை பேரோ,
என்ன கேட்டுக்கொண்டிருந்தார்களோ.